நோடல் கணக்கு: பவர் டாலி ஆகிறது, ஆனால் விடை தப்பு. எப்படி?

#1 ஈஈஈ_முதலாண்டு

படம் ஏற்ற முடியவில்லை, எழுத்திலேயே சொல்கிறேன். 12 வோல்ட் பேட்டரி, மைனஸ் கிரவுண்டில். பிளஸ்ஸிலிருந்து ஆர்1 = 2 கிலோ ஓம் வழியாக ஏ நோடு (ஒயர்கள் சேரும் புள்ளி). ஏ-யிலிருந்து கிரவுண்டுக்கு ஆர்2 = 6 கிலோ ஓம். ஏ-க்கும் பி-க்கும் நடுவில் ஆர்3 = 3 கிலோ ஓம். பி-யிலிருந்து கிரவுண்டுக்கு ஆர்4 = 3 கிலோ ஓம். ஆர்4-க்கு பேரலலாக 2 மில்லி ஆம்பியர் கரண்ட் சோர்ஸ், அம்புக்குறி மேலே பி-யைப் பார்த்து.

நோடு வோல்டேஜை ஏ, பி என்றே வைத்து எழுதியது:

ஏ-யில்: (ஏ − 12)/2 + ஏ/6 + (ஏ − பி)/3 = 0
பி-யில்: (பி − ஏ)/3 + பி/3 + 2 = 0

ஏ = 6, பி = 0 என்று வருகிறது. புத்தகத்தில் 8.4, 7.2. சரிபார்க்க பவர் போட்டேன். பேட்டரி 3 மில்லி ஆம்பியர் கொடுக்கிறது, 12 × 3 = 36 மில்லி வாட். ஆர்1-ல் 18, ஆர்2-ல் 6, ஆர்3-ல் 12, ஆர்4-ல் 0, கரண்ட் சோர்ஸில் 0. மொத்தம் 36. இவ்வளவு சரியாக டாலி ஆகிற விடை எப்படித் தப்பாகும்? புத்தகத்தில் அச்சுப்பிழையா?

#2 ஓம்பிரகாசம்

அச்சுப்பிழை இல்லை தம்பி. பி சமன்பாட்டில் +2 இருக்கும் இடத்தில் −2 வர வேண்டும்.

நீங்கள் எழுதிய ஒவ்வொரு பதத்தையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். (பி − ஏ)/3 என்றால் பி-யை விட்டு ஆர்3 வழியாக வெளியே போகும் கரண்ட். பி/3 என்றால் பி-யை விட்டு ஆர்4 வழியாக வெளியே போவது. அப்புறம் மூன்றாவதும் வெளியே போவதாகத்தானே இருக்க வேண்டும்? சோர்ஸோ 2 மில்லி ஆம்பியரை உள்ளே தள்ளுகிறது.

(பி − ஏ)/3 + பி/3 = 2, அதாவது 2பி − ஏ = 6
ஏ சமன்பாட்டை 6-ஆல் பெருக்கிச் சுருக்கினால் 3ஏ − பி = 18
பி = 3ஏ − 18 என்று போட்டால் 5ஏ = 42. ஏ = 8.4, பி = 7.2.

"எல்லாம் வெளியே, கூட்டினால் பூஜ்யம்" என்கிற வடிவத்தில் சோர்ஸை மனசுக்குள்ளேயே திருப்ப வேண்டியிருக்கிறது. அதனால்தான் அங்கே சறுக்குகிறது. ரெசிஸ்டர் வழியாக வெளியேறுவது எல்லாம் இடது பக்கம், கரண்ட் சோர்ஸ் உள்ளே தள்ளுவது வலது பக்கம் என்று எழுதிப் பழகுங்கள். அம்பு நோடைப் பார்த்தால் வலது பக்கம் பிளஸ், நோடை விட்டு விலகினால் மைனஸ். யோசிக்கவே வேண்டாம்.

இந்த வடிவத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. கிலோ ஓமில் வகுத்த எண்களை அப்படியே அடுக்கினால்:

1·ஏ − (1/3)·பி = 6
−(1/3)·ஏ + (2/3)·பி = 2

மூலைவிட்டத்தில் இருப்பது அந்த நோடைத் தொடும் கண்டக்டன்ஸ்களின் (1/ரெசிஸ்டன்ஸ்) கூட்டல். ஏ-க்கு 1/2 + 1/6 + 1/3 = 1. பி-க்கு 1/3 + 1/3 = 2/3. எப்போதும் பிளஸ். மற்ற இடங்களில் இரண்டு நோடுக்கும் பொதுவான கண்டக்டன்ஸ், எப்போதும் மைனஸ், இரண்டு பக்கமும் ஒரே எண். டிபெண்டென்ட் சோர்ஸ் (சர்க்யூட்டின் வேறொரு கரண்ட் அல்லது வோல்டேஜைப் பொறுத்து மதிப்பு மாறும் சோர்ஸ்) இல்லாத சர்க்யூட்டில் இந்த அமைப்பு கலைந்திருந்தால், தீர்க்க ஆரம்பிக்கும் முன்பே எங்கோ தப்பு என்று தெரிந்துவிடும்.

#3 ஈஈஈ_முதலாண்டு

நன்றி சார், குறி புரிந்தது. ஆனால் பவர் விஷயம் இன்னும் புரியவில்லை. கொடுத்த பவரும் எடுத்த பவரும் சமமானால் விடை சரி என்றுதான் வகுப்பில் சொன்னார்கள். தப்பு விடைக்கும் 36 = 36 எப்படி வந்தது?

#4 கணுப்புலி

இது நல்ல கேள்வி.

முதலில் 6, 0 என்கிற விடையைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க. ஏ-யிலிருந்து பி-க்கு ஆர்3 வழியா (6 − 0)/3 = 2 மில்லி ஆம்பியர் வருது. சோர்ஸ் இன்னொரு 2 தள்ளுது. பி-க்குள் மொத்தம் 4. வெளியே போக இருக்கிற ஒரே வழி ஆர்4. அதன் மேல் வோல்டேஜ் 0, கரண்ட் 0. அந்த 4 மில்லி ஆம்பியர் எங்கே போச்சு? கேசிஎல் (ஒரு நோடுக்குள் வரும் கரண்டும் வெளியே போறதும் சமம்ங்கிற விதி) பி-யில் உடைஞ்சு கிடக்கு.

பவர் கணக்கு இதை ஏன் காட்டலைன்னா: நோடு வோல்டேஜ் வெச்சு எல்லா பிராஞ்ச் வோல்டேஜையும் எடுக்கும்போது கேவிஎல் (எந்தக் கண்ணியைச் சுத்தி வந்தாலும் வோல்டேஜ் கூட்டல் பூஜ்யம்ங்கிற விதி) தானாகவே சரியாகிடும். அப்போ பவர் கூட்டலில் வரும் பிழை = ஒவ்வொரு நோடிலும் கேசிஎல் எவ்வளவு உடைஞ்சிருக்கோ அதை அந்த நோடு வோல்டேஜால் பெருக்கிக் கூட்டினது. உங்க கணக்கில் அது 4 × 0 = 0. பி தற்செயலா பூஜ்யமா வந்ததால் பிழை மறைஞ்சிடுச்சு. டெலிகன் 1952-ல் கொடுத்த தேற்றத்தோட அடிப்படையே இதுதான்: கேசிஎல்லும் கேவிஎல்லும் சரியா இருந்தா பவர் கூட்டல் பூஜ்யம். திருப்பிப் படிச்சா அது உண்மை ஆகாது.

சரி, பி ஏன் பூஜ்யமா வந்தது? சூப்பர்பொசிஷன் (ஒரு நேரத்தில் ஒரு சோர்ஸை மட்டும் வெச்சுக் கணக்குப் போட்டுக் கூட்டுறது) போட்டா கண்ணில் படும். பேட்டரி மட்டும் (கரண்ட் சோர்ஸ் ஓபன்): ஆர்3 + ஆர்4 = 6, அது ஆர்2-வோட பேரலல் 3. ஏ = 12 × 3/5 = 7.2, பி = 3.6. கரண்ட் சோர்ஸ் மட்டும் (பேட்டரி ஷார்ட்): ஏ-யிலிருந்து கிரவுண்டுக்கு 2-ம் 6-ம் பேரலல் 1.5, கூட ஆர்3 சேர்த்து 4.5, அது ஆர்4-ஓட பேரலல் 1.8. பி = 2 × 1.8 = 3.6, ஏ = 1.2. கூட்டினா 8.4, 7.2. நீங்க சோர்ஸைத் திருப்பிப் போட்டதால் 3.6 − 3.6 = 0. உங்க விடை, அம்பு கீழே பார்க்கும் வேற ஒரு சர்க்யூட்டுக்கு முழுசா சரியான விடை.

அந்த "வேற சர்க்யூட்"தான் பெரிய ஆபத்து. குறியைத் திருப்பிப் போட்ட பிறகு, பவரிலும் அதே திருப்பின குறியை வெச்சு சரிபார்த்தா எந்தக் கணக்கிலும் டாலி ஆகும். சரிபார்க்கும்போது சமன்பாட்டைப் பார்க்கக் கூடாது. கேள்வியில் இருக்கும் படத்தைப் பார்த்து, ஒவ்வொரு பிராஞ்சிலும் எண்ணோட அம்பு வரைஞ்சு, நோடு நோடா கூட்டிப் பாருங்க. சரியான விடைக்கு: ஆர்1-ல் 1.8 வருது, 1.4 ஆர்2-ல் இறங்குது, 0.4 ஆர்3-ல் போகுது. பி-யில் 0.4 + 2 = 2.4, ஆர்4-ல் 7.2/3 = 2.4. அரை நிமிஷ வேலை. பவரும் வேணும்னா: பேட்டரி 21.6, சோர்ஸ் 14.4, மொத்தம் 36. ரெசிஸ்டர்களில் 6.48 + 11.76 + 0.48 + 17.28 = 36. இரண்டு சர்க்யூட்டிலும் மொத்தம் 36-ஆ வந்தது தற்செயல் இல்லை: பேட்டரி மட்டும் இருந்தா 28.8, கரண்ட் சோர்ஸ் மட்டும் இருந்தா 7.2, இந்த இரண்டோட கூட்டல் அம்பைத் திருப்பினாலும் மாறாது.

#5 கேட்_தயாரிப்பு

இதையே மெஷ்ஷில் (ஒவ்வொரு கண்ணியிலும் சுற்றும் கரண்டை வைத்து எழுதும் முறை) போட்டால் இந்தக் குழப்பமே வராது என்று நினைக்கிறேன். எனக்கு மெஷ்தான் வேகமாக வருகிறது.

#6 கணுப்புலி

அதே குழி மெஷ்ஷிலும் இருக்கு. மூணு மெஷ், எல்லாம் கடிகாரச் சுற்று. கடைசி மெஷ்ஷோட வலது ஓரத்தில் கரண்ட் சோர்ஸ் மேலே பார்க்குது. கடிகாரச் சுற்றில் வலது ஓரத்தில் கரண்ட் கீழே இறங்கும். அதனால் ஐ3 = −2.

8·ஐ1 − 6·ஐ2 = 12
−6·ஐ1 + 12·ஐ2 − 3·ஐ3 = 0

ஐ3 = −2 போட்டா ஐ1 = 1.8, ஐ2 = 0.4. ஐ3 = +2 போட்டா ஐ1 = 3, ஐ2 = 2, அதாவது மேலே வந்த அதே தப்பு விடை.

எதை எடுக்கணும்னு ருசியை வெச்சு முடிவு பண்ணாதீங்க, எண்ணிப் பாருங்க. நோடலில் தெரியாதவை = மொத்த நோடுகள் − 1 − வோல்டேஜ் சோர்ஸ்கள். மெஷ்ஷில் = மெஷ்கள் − கரண்ட் சோர்ஸ்கள். இங்கே 4 − 1 − 1 = 2, 3 − 1 = 2, சமம். சமமா இருந்தா கேள்வியில் எது கேட்கிறாங்களோ அதைப் பாருங்க: வோல்டேஜ் கேட்டா நோடல், கரண்ட் கேட்டா மெஷ். ஒண்ணு மட்டும் ஞாபகம் வேணும். ஒயர் குறுக்கே தாண்டுகிற, தாளில் தட்டையா வரைய முடியாத சர்க்யூட்டில் மெஷ் வேலை செய்யாது. நோடல் எங்கேயும் செல்லும்.

#7 சுருள்மதி

சோர்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷனை யாரும் சொல்லவில்லையே. 2 மில்லி ஆம்பியர் பேரலல் 3 கிலோ ஓம் = 6 வோல்ட் சீரிஸ் 3 கிலோ ஓம். பிறகு ஒரே நோடுதான்: ஏ = (12/2 + 6/6) ÷ (1/2 + 1/6 + 1/6) = 7 ÷ (5/6) = 8.4. ஒரே வரி.

#8 ஓம்பிரகாசம்

அழகான வழி. ஆனால் மதிப்பெண் போகும் இடமும் அதுதான், அதனால் ஒரு எச்சரிக்கை. மாற்றிய பிறகு படத்தில் தெரியும் 3 கிலோ ஓம், பழைய ஆர்4 இல்லை. அதில் 0.4 மில்லி ஆம்பியர் ஓடுகிறது, வோல்டேஜ் 1.2. நிஜ ஆர்4-ல் 7.2 வோல்ட். "ஆர்4-ல் பவர் என்ன" என்று கேட்டால் மாற்றிய படத்திலிருந்து 0.48 மில்லி வாட் என்று எழுதிவிடுவார்கள். சரியான விடை 17.28. கேட்கப்படும் ரெசிஸ்டரை டிரான்ஸ்ஃபர்மேஷனுக்குள் இழுக்காதீர்கள். இழுத்துவிட்டால், ஏ-யும் ஆர்3 கரண்டும் கிடைத்ததும் பழைய படத்துக்குத் திரும்பி பி = 8.4 − 0.4 × 3 = 7.2 என்று எடுத்து வாருங்கள்.

#9 ஈஈஈ_முதலாண்டு

இன்னொரு சந்தேகம். ஆர்3 இருக்கும் இடத்தில் 3 வோல்ட் பேட்டரி (பிளஸ் பி பக்கம்) வைத்து ஒரு கணக்கு இருக்கிறது. அதன் வழியாகப் போகும் கரண்டை எப்படி எழுதுவது? ரெசிஸ்டர் இல்லையே, வகுக்க எதுவும் இல்லை.

#10 ஓம்பிரகாசம்

எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். ஏ, பி இரண்டையும் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அதுதான் சூப்பர் நோடு. வட்டத்தை விட்டு வெளியேறுவதை மட்டும் எழுதுங்கள்:

(ஏ − 12)/2 + ஏ/6 + பி/3 = 2
பி − ஏ = 3

முதல் வரியை 6-ஆல் பெருக்கினால் 4ஏ + 2பி = 48. ஏ = 7, பி = 10. பேட்டரி வழியாகப் போகும் கரண்ட் வேண்டுமானால் கடைசியில் ஏ-யில் கேசிஎல்: 2.5 − 7/6 = 1.33 மில்லி ஆம்பியர்.

இங்கே வழக்கமாக நடப்பது இரண்டு. சிலர் வட்டத்துக்கு ஒரு சமன்பாடு போதாதென்று ஏ-க்குத் தனியாக இன்னொரு கேசிஎல் எழுதி, பேட்டரி பிராஞ்சை விட்டுவிடுகிறார்கள். சிலர் பி − ஏ = 3 என்கிற வரியை மறந்துவிட்டு, ஒரு சமன்பாட்டில் இரண்டு தெரியாதவை என்று திணறுகிறார்கள். பிளஸ் எந்தப் பக்கமோ அந்த நோடின் எழுத்து முதலில் வரும், அவ்வளவுதான்.

#11 சுருள்மதி

நானும் ஒன்று கேட்கிறேன். 10 வோல்ட் பேட்டரி, 2 கிலோ ஓம் வழியாக ஏ நோடு. அந்த 2 கிலோ ஓமில் ஏ-யை நோக்கிப் போகும் கரண்ட் ஐஎக்ஸ். கிரவுண்டிலிருந்து ஏ-க்குள் தள்ளும் டிபெண்டென்ட் கரண்ட் சோர்ஸ், மதிப்பு 2·ஐஎக்ஸ். ஏ-யிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 2 கிலோ ஓம். ஏ-யிலிருந்து பார்த்தால் தெவனின் ரெசிஸ்டன்ஸ் (முழு சர்க்யூட்டையும் ஒரு பேட்டரி, ஒரு சீரிஸ் ரெசிஸ்டராகச் சுருக்கினால் வரும் ரெசிஸ்டன்ஸ்) என்ன? சோர்ஸ்களைக் கொன்றால் 2 பேரலல் 2 = 1 கிலோ ஓம். விடைத்தாளில் 500 ஓம்.

#12 கணுப்புலி

500 சரி. டிபெண்டென்ட் சோர்ஸைக் கொல்லக் கூடாது. அது ஐஎக்ஸுக்குக் கட்டுப்பட்டு ஆடுற பொருள், ரெசிஸ்டர் மாதிரியே சர்க்யூட்டோட குணத்தில் ஒரு பகுதி. இண்டிபெண்டென்ட் சோர்ஸை மட்டும்தான் அணைக்கணும்.

வழி ஒண்ணு. ஓபன் வோல்டேஜ்: ஐஎக்ஸ் + 2·ஐஎக்ஸ் = ஏ/2. ஐஎக்ஸ் = (10 − ஏ)/2. 3(10 − ஏ) = ஏ, அதனால் ஏ = 7.5 வோல்ட். ஷார்ட் கரண்ட்: ஏ = 0 ஆகும்போது ஐஎக்ஸ் = 5, மொத்தம் 15 மில்லி ஆம்பியர். 7.5/15 = 0.5 கிலோ ஓம்.

ஷார்ட் பண்ணும்போது ஐஎக்ஸ் மாறிடும், கவனம். ஓபனில் அது 1.25, ஷார்ட்டில் 5. பழைய 1.25-ஐயே வெச்சுட்டுத் தொடர்ந்தா எல்லாம் போச்சு.

வழி இரண்டு. பேட்டரியை ஷார்ட் பண்ணி, ஏ-யில் 1 வோல்ட் வைங்க. ஐஎக்ஸ் = −0.5. சோர்ஸ் தள்ளுவது −1, அதாவது ஏ-யிலிருந்து 1 மில்லி ஆம்பியர் உறிஞ்சுது. இரண்டு ரெசிஸ்டரும் ஆளுக்கு 0.5. நாம வெச்ச 1 வோல்ட் மொத்தம் 2 மில்லி ஆம்பியர் கொடுக்கணும். 1/2 = 0.5 கிலோ ஓம். சர்க்யூட்டில் இண்டிபெண்டென்ட் சோர்ஸே இல்லைன்னா முதல் வழியில் 0/0 வரும், அங்கே இந்த இரண்டாவது வழிதான் கதி.

#13 கேட்_தயாரிப்பு

அந்த டிபெண்டென்ட் சோர்ஸின் அம்பு கீழே பார்த்து, மதிப்பு 3·ஐஎக்ஸ் ஆக இருந்தால்? எனக்கு −2 கிலோ ஓம் வருகிறது. மைனஸ் ரெசிஸ்டன்ஸ் வரலாமா?

#14 கணுப்புலி

வரலாம். 1 வோல்ட் வைங்க: ரெசிஸ்டர்கள் 0.5 + 0.5 எடுக்குது, சோர்ஸ் 1.5-ஐ உள்ளே திருப்பித் தள்ளுது, நிகரம் −0.5. ஆக −2 கிலோ ஓம் சரிதான். டிபெண்டென்ட் சோர்ஸ்னா உள்ளே ஏதோ ஆம்ப்ளிஃபையர் பவரோட உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம், அதனால் இது சாத்தியம். வெறும் ரெசிஸ்டர் மட்டும் இருக்கிற கணக்கில் மைனஸ் வந்தாதான் சந்தேகப்படணும். இன்னொண்ணு: கீழே பார்த்து 2·ஐஎக்ஸ்னு வெச்சா −10 + ஏ = ஏ-ன்னு வரும், விடையே கிடையாது. அப்போ கால்குலேட்டர் எரர் காட்டும். கால்குலேட்டர் மேல் தப்பு இல்லை.

#15 ஓம்பிரகாசம்

கால்குலேட்டர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எஃப்எக்ஸ்-991-ல் ஈக்வேஷன் மோடு இரண்டு, மூன்று தெரியாதவைகளுக்குத் தீர்த்துத் தரும். மாறிலி வலது பக்கம் இருக்க வேண்டும். 3ஏ − பி − 18 = 0 என்று எழுதிவிட்டு −18-ஐத் தட்டுவதுதான் அங்கே நடக்கும் விபத்து. விடைத்தாளில் சமன்பாடுகளை எழுதி, விடையை எழுதி, இடையில் ஒரு வரி நீக்கல் முறையாவது காட்டுங்கள். படி மதிப்பெண் சமன்பாட்டுக்குத்தான்.

யூனிட்: வோல்ட், கிலோ ஓம், மில்லி ஆம்பியர் மூன்றும் ஒரு குடும்பம். பவர் மில்லி வாட்டில் விழும். கிலோ ஓம் × மைக்ரோ ஃபாரட் = மில்லி செகண்ட். குடும்பத்துக்குள்ளேயே இருந்தால் 10-ன் அடுக்கு எதுவும் எழுத வேண்டாம். ஒரே ஒரு ரெசிஸ்டர் 470 ஓம் என்று வந்தால் 0.47 என்று முதலிலேயே மாற்றிவிடுங்கள். பாதி வழியில் மாற்றாதீர்கள்.

#16 கேட்_தயாரிப்பு

ஆர்4-க்கு பேரலலாக 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், தொடக்கத்தில் சார்ஜ் இல்லை. நேரம் 0-ல் இரண்டு சோர்ஸும் ஆன் ஆகின்றன. டைம் கான்ஸ்டன்ட் 3 × 10 = 30 மில்லி செகண்ட் என்று போட்டேன், விடையில் இல்லை.

#17 கணுப்புலி

கெப்பாசிட்டருக்கு பேரலலா படத்தில் எது நெருக்கமா இருக்கோ அதை எடுக்கிறது பழக்க தோஷம். கெப்பாசிட்டரைக் கழட்டிட்டு, அந்த இரண்டு முனையிலிருந்து உள்ளே பார்த்தா தெரியும் தெவனின் ரெசிஸ்டன்ஸ்தான் வேணும். பேட்டரி ஷார்ட், கரண்ட் சோர்ஸ் ஓபன்: 4.5 பேரலல் 3 = 1.8 கிலோ ஓம். 1.8 × 10 = 18 மில்லி செகண்ட். கடைசி மதிப்பு 7.2. 18 மில்லி செகண்டில் 63.2 சதவீதம், அதாவது சுமார் 4.55 வோல்ட். 90 மில்லி செகண்டில் (ஐந்து மடங்கு) நடைமுறைக்கு முடிஞ்சது.

சோர்ஸ் ஆன் ஆன அந்தக் கணத்தை மட்டும் தனியா பாருங்க. கெப்பாசிட்டர் ஷார்ட் மாதிரி, பி = 0. ஏ சமன்பாடு 3ஏ = 18, ஏ = 6. ஆர்3-லிருந்து 2, சோர்ஸிலிருந்து 2, மொத்தம் 4 மில்லி ஆம்பியர் கெப்பாசிட்டருக்குள் போகுது. ஏறும் வேகம் 4/10 = மில்லி செகண்டுக்கு 0.4 வோல்ட். 7.2/18-ம் அதே 0.4. இந்த இரண்டும் ஒத்துப்போகணும், நல்ல சரிபார்ப்பு. #1-ல் காணாமல் போன 4 மில்லி ஆம்பியர் போக ஒரு வழி இருந்திருந்தா அது இதுதான்.

#18 பட்டறைக்காரன்

இதே சர்க்யூட்டை பிரெட்போர்டில் கட்டி அளந்து பார்க்கிறவங்களுக்கு.

6 கிலோ ஓம் கடையில் நேரா கிடைக்காது. இரண்டு 3 கிலோ ஓமை சீரிஸ்ல போடுங்க. 1 சதவீத மெட்டல் ஃபிலிம் வாங்குங்க, காரணம் கடைசியில் சொல்றேன்.

கரண்ட் சோர்ஸுக்கு எல்எம்317 போட்டு 625 ஓம் வெச்சா (1.25 ÷ 0.002) சரியா வரும்னு தோணும். வராது. அந்த ஐசி சரியா ரெகுலேட் பண்ண குறைந்தபட்ச லோடு கரண்ட் வேணும். வழக்கமா 3.5 மில்லி ஆம்பியர், டேட்டாஷீட்டில் அதிகபட்சம் 10. 2-க்கு அது ஆகாது. பதிலுக்கு பிஎன்பி டிரான்சிஸ்டர், பிசி557 போதும். 12 வோல்ட்டிலிருந்து ஒரு சிவப்பு எல்ஈடி, அதன் கீழே 2.2 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. எல்ஈடிக்கும் 2.2-க்கும் நடுவில் பேஸ். 12 வோல்ட்டிலிருந்து எமிட்டருக்கு 560 ஓம். கலெக்டர் பி-யில். எல்ஈடி மேல் சுமார் 1.8, பேஸ்-எமிட்டரில் சுமார் 0.65 போக மீதி 1.15 வோல்ட், 560-ல் 2 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. எமிட்டர் 10.85-ல், பி 7.2-ல், நடுவில் 3 வோல்ட்டுக்கு மேல் இருக்கு, டிரான்சிஸ்டர் வசதியா வேலை செய்யும். எல்ஈடிக்கு எல்ஈடி வோல்டேஜ் மாறும். 560-க்குப் பதிலா 470-ம் ஒரு 220 டிரிம்பாட்டும் சீரிஸ்ல வெச்சு 2.00-க்குத் திருகிக்கோங்க.

வோல்டேஜ் அளக்க 10 மெகா ஓம் டிஜிட்டல் மீட்டர்னா கவலை இல்லை. 20 கிலோ ஓம்/வோல்ட் முள் மீட்டரை 10 வோல்ட் ரேஞ்சில் வெச்சா அது 200 கிலோ ஓம். பி-யில் 1.8 கிலோ ஓம் தெரியுறதால 7.2 இருக்கிற இடத்தில் 7.14 காட்டும்.

கரண்டை நேரா அளக்காதீங்க, குறிப்பா ஆர்3-ல். மலிவு மீட்டரோட 2 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் உள்ளே சுமார் 100 ஓம் இருக்கும், 0.400 இருக்கிறது 0.395 ஆகிடும். ஆர்3 மேல் வோல்டேஜ் எடுத்து 3-ஆல் வகுங்க. அப்புறம் சிவப்பு லீடு 10 ஆம்பியர் துளையிலேயே இருக்க வோல்டேஜ் அளக்கப் போகாதீங்க. மீட்டரே ஷார்ட் ஆகிடும்.

1 சதவீதம் ஏன்னு சொன்னா: ஆர்3-ஐக் கழட்டினா இடது பக்கம் 9 வோல்ட், வலது பக்கம் 6 வோல்ட். அதில் ஓடுறது (9 − 6)/7.5 = 0.4. இரண்டு பெரிய எண்ணோட வித்தியாசம். கரண்ட் சோர்ஸ் 5 சதவீதம் ஏறி 2.1 ஆனா வலது பக்கம் 6.3, ஆர்3 கரண்ட் 2.7/7.5 = 0.36. 5 சதவீதப் பிழை 10 சதவீதமா வெளியே வருது. லேப் ரெக்கார்டில் "தியரி 0.4, பிராக்டிக்கல் 0.36"-னு வந்தா உடனே கேசிஎல் மேல் சந்தேகப்படாதீங்க. முதலில் ரெசிஸ்டர்களைக் கழட்டி ஒவ்வொண்ணா அளந்து, அந்த நிஜ மதிப்பை வெச்சு மறுபடி கணக்குப் போடுங்க.

#19 ஈஈஈ_முதலாண்டு

பிரெட்போர்டுக்கு முன்னால் எல்டிஸ்பைஸில் (சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருள்) போட்டுப் பார்த்தேன் அண்ணா. ஏ, பி சரியாக வருகிறது. ஆனால் பேட்டரி கரண்ட் −1.8 என்று காட்டுகிறது. அம்பைத் தப்பாக வைத்துவிட்டேனா?

#20 பட்டறைக்காரன்

இல்லை தம்பி, ஸ்பைஸ் அப்படித்தான். எந்த சோர்ஸானாலும் பிளஸ் முனை வழியா உள்ளே போறதைத்தான் அது பிளஸ்னு எடுத்துக்கும். பேட்டரி கரண்டை வெளியே கொடுக்குது, அதனால மைனஸ். பேட்டரியோட பவரும் −21.6 மில்லி வாட்னு வரும். மைனஸ்னா கொடுக்குது, பிளஸ்னா எடுக்குது. ரீசார்ஜ் ஆகிற பேட்டரிக்கு பிளஸ் வரும்.

கரண்ட் சோர்ஸை நெட்லிஸ்ட்டா (படம் வரையாம, வரி வரியா எழுத்தில்) எழுதினா இன்னும் கவனம். முதலில் எழுதுற நோடிலிருந்து சோர்ஸுக்குள் புகுந்து, இரண்டாவதா எழுதுற நோடில் வெளியே வரும். பி-க்குள் தள்ளணும்னா முதலில் 0, அப்புறம் பி. பழக்கத்தில் பி-யை முதலில் எழுதினா ஏ = 6, பி = 0 வரும். அதே மாதிரி ரெசிஸ்டரில் 1 எம்-னு போட்டா அது மெகா இல்லை, மில்லி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் ஸ்பைஸுக்கு ஒண்ணுதான். மெகாவுக்கு மெக்-னு மூணு எழுத்தும் முழுசா அடிக்கணும்.

#21 சுருள்மதி

ஆர்3 கரண்ட் எனக்கு −0.4 வருகிறது. அது ரெசிஸ்டர்தானே, சோர்ஸ் இல்லையே?

#22 பட்டறைக்காரன்

ரெசிஸ்டருக்கும் ஸ்பைஸில் முதல் முனை, இரண்டாம் முனை உண்டு. வைக்கும்போது சுழற்றினதுல பி பக்கம் முதல் முனையா விழுந்திருக்கும். ரெசிஸ்டர் மேல் கர்சரை வெச்சா கரண்ட் அம்பு எந்தப் பக்கம்னு காட்டும். எடுத்து இரண்டு தடவை சுழற்றி வெச்சா +0.4 ஆகிடும். நோடு வோல்டேஜ் எதுவும் மாறாது.